சட்டைப்பைக்குள் ஒரு சிறு பட்டறை



மலையிலும் ஸ்டோரிலும் வேலை முடித்து, கைகால் கழுவி, தேநீரோடு உட்கார்ந்திருக்கும் நேரம் இது. இந்த நேரத்தில் ஒரு சிறு கருவியைப் பற்றி உங்களோடு பேசலாம் என்று எண்ணுகிறேன். என் அக்காவின் மகன் சிங்கப்பூரில் சாங்கிப் பக்கத்தில் கட்டட வேலை செய்கிறான். அண்மையில் விடுமுறைக்கு வந்தபோது, லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடையொன்றில் வாங்கிய ஒரு மடக்குக் கருவியைத் தகப்பனாருக்குக் கொண்டுவந்தான். குறடு, கத்தி, திருப்புளி, கம்பி வெட்டும் வாய், இடுப்பு வாரில் மாட்டும் கொக்கி ஆகிய யாவும் அதில் ஒன்றாய் இருந்தன. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

லயத்து வாசலில் அது கைமாறிச் சென்றபோது ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அந்த முதல் அபிப்பிராயங்களில் எது சரி, எது பிழை என்று பார்த்தால் நமக்கு நல்ல பாடம் கிடைக்கும்.

முதலில் என் மச்சான் வாங்கிப் பார்த்தார். முப்பது வருடமாகக் கவ்வாத்து வெட்டியவர். கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடா தம்பி, பாரமே இல்லையே! இது கத்தியா, விளையாட்டுச் சாமானா?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. கவ்வாத்துக் கத்தி வீசி வெட்டும் கத்தி. வீசும்போது அதன் பாரமும் வேகமும் சேர்ந்துதான் தேயிலை வாதை ஒரே வெட்டில் துண்டாக்குகின்றன. பாரம் குறைந்தால் வெட்டும் குறையும். ஆனால் சட்டைப்பைக் கத்தி வீசுவதற்கானதல்ல, அழுத்தி இழுப்பதற்கானது. அங்கே வேலை செய்வது கூர்மை. கூரான விளிம்பு மிக மெல்லியது. நம் கையின் அழுத்தம் முழுவதும் அந்த மெல்லிய கோட்டின் மேல் குவிவதால் கயிறும் சாக்கும் அறுகின்றன. ஆகவே பாரத்தை மட்டும் கொண்டு இதை அளப்பது, தராசில் துணியின் நீளத்தை அளப்பது போலாகும்.

அடுத்து அக்கா கேட்டாள்: "இதுல மீன் டின் வெட்ட ஏலுமா?"

"ஏலாதும்மா. அந்த அலகு இதுல இல்ல" என்றான் மருமகன்.

"அப்ப என்னாத்துக்கு இவ்வளவு காசு?" என்றாள் அக்கா.

இது மிக முக்கியமான கேள்வி. இதற்கு விடை சொல்ல, இந்தக் கருவிகளின் வரலாற்றைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

சுவிட்சர்லாந்திலே ஷ்வீஸ் மாநிலத்தின் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் என்பவர் 1884ஆம் ஆண்டு கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1891இல் சுவிஸ் இராணுவத்துக்கு மடக்குக் கத்திகளைச் செய்து கொடுத்தார். 1897இல் மேலும் பல அலகுகள் கொண்ட அதிகாரிகளின் கத்தியைப் பதிவு செய்தார். விக்டோரினொக்ஸ் என்று இன்று உலகம் அறிந்த நிறுவனம் அதுவே. அந்தப் பெயரின் முற்பகுதி அவருடைய தாயார் விக்டோரியாவின் பெயர். பிற்பகுதி துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

அந்தக் கத்திகளில் நல்ல குறடு இல்லை என்ற குறையை உணர்ந்தவர் டிம் லெதர்மன் என்ற அமெரிக்கர். 1975இல் மனைவியோடு பழைய பியட் கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, கார் அடிக்கடி பழுதானது. தங்கிய விடுதிகளில் தண்ணீர்க் குழாய்களும் ஒழுகின. சட்டைப்பையில் கத்தி இருந்தது. பிடித்துத் திருகக் குறடு இல்லை. குறட்டையே நடுவில் வைத்து மற்றவற்றைப் பிடிக்குள் மடக்கினால் என்ன என்று யோசித்தார். 1980இல் காப்புரிமை பெற்றார். 1983இல் விற்பனை தொடங்கியது.

பின்னர் வந்த கருவிகளில் அலகுகள் கூடிக்கொண்டே போயின. வாள், கத்தரிக்கோல் என்று சேரச் சேரப் பாரமும் கூடியது. பாரம் கூடியதும் மனிதர் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினர். வீட்டில் கிடக்கும் கருவி வழியில் உதவாது அல்லவா? ஆகவே, "அடிக்கடி வேண்டியவை எவை? அவற்றை மட்டும் வைப்போம்" என்று சிந்தித்தவர்கள் மெல்லிய கருவிகளைச் செய்தார்கள். லெதர்மன் நிறுவனத்தின் ஸ்கெலிடூல் இதற்கு ஓர் உதாரணம். எலும்புக்கூடு என்ற பொருள் வரும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். ஏழு வேலைகளுக்கான அது சுமார் 142 கிராம் பாரம். நாம் கடையில் வாங்கும் 100 கிராம் சீனிப் பொட்டலம் ஒன்றரைக்கும் சற்றுக் குறைவு. மருமகன் கொண்டுவந்ததும் அந்த மாதிரியைச் சேர்ந்ததே.

எனவே அக்காவுக்கு விடை இதுதான்: அதில் இல்லாதவற்றுக்காகவும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம். டின் வெட்டும் வேலை தினமும் இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது. குறடும் கத்தியும் தேவைப்படும் வழிப்பயணிக்குப் பொருந்தும். கருவி நல்லதா என்று மட்டும் கேட்டால் போதாது. நம் வேலைக்கு நல்லதா என்று கேட்க வேண்டும்.

எட்டாம் வகுப்பில் படிக்கும் மருமகள் வேறொன்றைக் கவனித்தாள். "மாமா, பிடியில ஏன் இத்தனை ஓட்டை? உடைஞ்சிறாதா?"

நல்ல கேள்வி. ஒரு கன சென்ரிமீற்றர் உருக்கு ஏறக்குறைய 7.8 கிராம் பாரம். அதே அளவு டைட்டேனியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம். பாரத்தைக் குறைக்க ஒரு வழி, இலேசான உலோகத்தைப் பயன்படுத்துவது. மற்றொரு வழி, சுமை அதிகம் தாங்காத இடங்களில் உலோகத்தை எடுத்துவிடுவது. ஒரு தகட்டை வளைக்கும்போது பெரும் சுமையைத் தாங்குவது அதன் ஓரங்கள். நடுப்பகுதி குறைவாகவே தாங்குகிறது. மூங்கில் உள்ளே வெறுமையாய் இருந்தும் காற்றுக்கு நிற்கிறது. சைக்கிளின் சட்டமும் குழாய்தான். ஓட்டை எல்லாம் பலவீனம் அல்ல. இடம் பார்த்துப் போட்ட ஓட்டை அறிவு.

கடைசியாக ஸ்டோரில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் வந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. குறட்டின் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இரண்டு தாடைகளும் நுனியில் ஒட்டுகின்றனவா என்று பார்த்தாராம். பின் பிடிகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். கத்தியைத் திறந்து, பூட்டு விழுகிறதா என்று முதுகுப் பக்கத்தை மெதுவாக அழுத்தினார். பூட்டு இல்லாத மடக்குக் கத்தி வேலையின் நடுவே மடங்கினால் விரல் போய்விடும். கடைசியில், "சாமான் நல்ல சாமான் மாஸ்டர். ஆனா பிடியில றப்பர் இல்ல. அதை மட்டும் மறந்துறாதீங்க" என்றார்.

நேயர்களே, எல்லோருடைய அபிப்பிராயத்திலும் விலைமதிப்பற்றது இதுவே என்பதை அன்று இரவே அறிந்தோம்.

அக்கா வீட்டுச் சுவரில் இருந்த பிளக் பொயின்ட் சில நாட்களாக ஆடிக்கொண்டிருந்தது. புதுக் கருவி கையில் இருக்கும்போது சும்மா இருக்க மனம் வருமா? மச்சான் திருப்புளியை மாட்டிக்கொண்டு, பொயின்டின் மூடியைக் கழற்றப் போனார். மெயின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. நான் முற்றத்தில் நின்றேன். "அப்பா! கைய எடுங்க! பிடி முழுக்க இரும்பு!" என்று மருமகள் கத்தினாள். மச்சான் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அவர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். மின் வேலைக்கென்று செய்த திருப்புளியின் பிடி, மின்சாரம் கடத்தாத பொருளால் ஆனது. சட்டைப்பைக் கருவியின் பிடியோ வெறும் உலோகம். நுனி உயிர்க் கம்பியில் பட்டால் மின்சாரம் நேரே கைக்கு வரும். கால் ஈரத் தரையில் இருந்தால் உடம்பு வழியாகப் பூமிக்குப் போகும். மழை ஓயாத நம் மலைகளில் ஈரமில்லாத தரை எங்கே இருக்கிறது? ஆகவே இத்தகைய கருவியால் மின்சாரப் பொயின்ட்டையோ வயரையோ தொடவே கூடாது. மெயினை அடைத்துவிட்டு, மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுவதே முறை. ட்ரிப் சுவிட்ச் இருக்கும் வீட்டில் அதைச் சோதனைப் பொத்தானை அழுத்தி அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வரம்பும் உண்டு. குறடு ஒரு நெம்புகோல். நம் கை பிடிக்கும் இடம் மூட்டு ஆணியிலிருந்து 8 சென்ரிமீற்றர் தூரத்திலும், பிடித்த பொருள் 2 சென்ரிமீற்றர் தூரத்திலும் இருந்தால், கையின் விசை நான்கு மடங்காகும். பிடி குட்டையானால் அந்த மடங்கும் குறையும். எனவே இறுகிய பெரிய நட்டைச் சிறு குறட்டால் கழற்ற முயன்றால், நட்டின் முனை மழுங்கும். அல்லது கருவி கெடும். பெரிய வேலைக்குப் பெரிய குறடுதான்.

வெளிநாடு செல்லும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மருமகன் இதைச் சுமைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். அவனோடு ஒரே அறையில் தங்கும் நண்பன் இதே கருவியைக் கைப்பையில் வைத்துவிட்டு, விமான நிலையச் சோதனையில் பறிகொடுத்தானாம். பல நாட் கூலி ஒரு நிமிடத்தில் போயிற்று. குற்றம் சோதித்தவருடையதல்ல. 2001 செப்டெம்பர் 11ஆம் தேதி அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தி நடத்திய தாக்குதலுக்குப் பின், உலகெங்கும் கத்திகள் விமானக் கூடத்துள் தடுக்கப்பட்டன. சாங்கி விமான நிலையம் 1981இல் திறக்கப்பட்டது. அங்கே பல இடங்களில் சோதனை நடப்பது விமானம் ஏறும் வாசலில். அதற்குள் பெரிய பெட்டி போய்விட்டிருக்கும். திரும்பிச் சென்று அதில் வைக்க வழியில்லை. வீட்டிலிருந்து புறப்படுமுன்பே கைப்பையின் ஒவ்வொரு பையையும் தட்டிப் பாருங்கள். சிங்கப்பூரின் தெருக்களிலும் தகுந்த காரணமின்றிக் கத்தி கொண்டு திரிவது சட்டப்படி குற்றமாகலாம். வேலைக்கான கருவி வேலைத்தலத்தில் இருக்கட்டும்.

சாங்கி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபின், பல்லாயிரம் போர்க் கைதிகள் சாங்கியில் அடைக்கப்பட்டார்கள். நல்ல கருவிகளோ பொருள்களோ அவர்களிடம் இல்லை. ஆனாலும் கிடைத்த பழைய தகரத்தையும் மரத்தையும் கொண்டு, கால் இழந்த தோழர்களுக்குச் செயற்கைக் கால்கள் செய்தார்கள். ஹரி ஸ்டொக்டன் என்ற கைதி பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூட்டிலிருந்து ஒரு சிலுவையைச் செய்தார். அதைச் சாங்கியின் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். கருவி குறைந்தாலும், கைத்திறனும் பொறுமையும் இருந்தால் வேலை நடக்கும் என்பதற்கு அவர்களே சான்று.

இனிப் பராமரிப்பு. உருக்கில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் கலந்தால், மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. ஆனால் "துருப்பிடிக்காத" என்பது "ஒருபோதும் துருப்பிடிக்காத" என்று பொருளல்ல. உப்பும் ஈரமும் மூட்டில் தங்கினால் அங்கும் துரு ஏறும். துடைத்து, உலர்த்தி, மூட்டில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். கத்தி முனையால் ஆணியை நெம்பாதீர்கள். கூருக்காகக் கடினமாக்கிய உருக்கு வளையாமல் முறிந்துவிடும். பிறருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்கள். இரும்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்துத்தான் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னதில் இந்த எச்சரிக்கை இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து மச்சானிடம் கேட்டேன்: "விளையாட்டுச் சாமான் எப்படி மச்சான்?" அவர் சிரித்தார். வேலியின் கம்பியை முறுக்கினாராம். என் பாடசாலையில் ஆடிய நான்கு வாங்குகளின் திருகாணிகளை இறுக்கியதும் அவரே. கவ்வாத்துக்கு மட்டும் பழைய கத்தியைத்தான் கொண்டுபோகிறார். "அது அதுக்கு, இது இதுக்கு" என்றார். இதைவிடத் தெளிவாக நானும் சொல்ல முடியாது.

கருவி இப்போது வீட்டில் உயரமான தட்டில், சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்கிறது. வேண்டியவர்கள் மருமகளிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். "மின்சாரத்துக்கு இல்லையே?" என்று கேட்ட பிறகே அவள் கொடுக்கிறாள். தகப்பனாரும் அப்படிக் கேட்டுத்தான் வாங்குகிறார்.

புதுப் பொருள் ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் பார்வையில் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். இது எந்த வேலைக்கு, எந்த வேலைக்கு இல்லை என்று வீட்டார் எல்லோரும் கூடிப் பேசுங்கள். அந்தப் பேச்சில் பள்ளிப் பிள்ளைக்கும் ஓர் இடம் கொடுங்கள்.