வெறுங்காலும் வெண்ணங்கியும்

கரிசல் மண் பரந்த விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் மாலை வேளைகளில் வெறுங்காலுடன் பந்துதைக்கும் இளைஞர்களைக் காணலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது, மேற்படிப்பா, அச்சகமும் பட்டாசு ஆலையும் தரும் வேலையா என்னும் கேள்வி அவர்கள் முன் எழும். பந்துக்கு அதில் இடமில்லை என்பர் வீட்டார். படிப்பையும் பந்தையும் ஒருசேரக் கைக்கொண்ட இளைஞர் ஒருவர், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைவரானார். அவர் தலிமெரன் ஆவ்.

நாகாலாந்தின் சாங்கி என்னும் மலைச் சிற்றூரில் 1918 சனவரி 28ஆம் நாள் ஆவ் பிறந்தார். தந்தை கிறித்தவச் சமயப் போதகர். குடும்பம் இம்பூருக்குக் குடிபெயர்ந்தபின், கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தே சிறுவனின் முதல் பந்தாயிற்று. 1935இல் தந்தை குடற்காய்ச்சலால் இறந்தார். மகன் மருத்துவனாகி நாகா மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அவரது விருப்பம். காய்ச்சலுக்குத் தந்தையைப் பறிகொடுத்த பதினேழு வயது மகனுக்கு அவ்விருப்பம் எத்துணைக் கனத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

குவாகாத்தியின் காட்டன் கல்லூரியில் பயின்றபோது ஆவ் பல விளையாட்டுகளிலும் முன்னின்றார். நகரின் மகாராணா கழகத்துக்காகவும் ஆடினார். 1942இல் கொல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதுவே இன்றைய ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி. மறு ஆண்டே மோகன் பகான் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1911இல் ஐ.எப்.ஏ. கேடய இறுதிப் போட்டியில் ஆங்கிலேயப் படையணி ஒன்றை வென்று நாட்டையே தலைநிமிரச் செய்த கழகம் அது. உயரமும் உறுதியும் வாய்ந்த ஆவ், எதிரணியின் தாக்குதலை ஆடுகளத்தின் நடுவிலேயே முறிக்கும் தடுப்பாட்டக்காரராகப் பெயர் பெற்றார். விரைவில் அக்கழக அணியின் தலைவருமானார்.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமையேற்றதோடு, தொடக்க அணிவகுப்பில் மூவண்ணக் கொடியை ஏந்தியவரும் ஆவ்தான். சூலை 31ஆம் நாள் இல்போர்டு நகரில் இந்தியா பிரான்சை எதிர்கொண்டது. இந்திய வீரர்களுள் பெரும்பாலோர் காலணி அணியவில்லை. பாதத்தில் துணிக்கட்டு மட்டுமே இருந்தது. வறுமையே காரணம் என்பது முழு உண்மையன்று. வெறுங்காலில் பந்தின் தொடுகையை நுட்பமாக உணரலாம் என்பதே அவர்கள் பழகிய முறை. உலர்ந்த மண்ணில் அம்முறை கைகொடுக்கும். ஈரத் தரையிலோ பிடிமானம் குறையும். எதிரியின் காலணி மிதித்தால் தாங்காது.

பிரான்சு முதலில் ஓர் இலக்கு அடித்தது. இடைவேளைக்குப் பின் பெங்களூரு ஆட்டக்காரர் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளையும் இந்தியா தவறவிட்டது. அவற்றுள் ஒன்று பயன்பட்டிருந்தாலும் ஆட்டத்தின் முடிவு மாறியிருக்கக்கூடும். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மீண்டும் அடித்து 2-1 என வென்றது. தோற்ற அணியை அரங்கம் கைதட்டிப் பாராட்டியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் எல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோசுலாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. அதன்பின்னரே இந்தியக் கால்பந்தில் காலணி கட்டாயமாயிற்று.

இலண்டனிலிருந்து திரும்பிய அணித்தலைவருக்கு மருத்துவத் தேர்வுகள் காத்திருந்தன. 1942இல் கல்லூரியில் சேர்ந்தவர் 1950இல்தான் பட்டம் பெற்றார். அவ்வெட்டு ஆண்டு நெடுமையை ஆட்டத்துக்குத் தந்த விலை எனக் கொள்ளலாம். பட்டம் பெற்றபின் கொல்கத்தாவிலேயே தங்கியிருந்தால் புகழும் பணியும் ஒருங்கே கிட்டியிருக்கும். அவரோ 1952இல் மோகன் பகானிலிருந்து விலகினார். திப்ருகட் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பணியாற்றியபின், 1953இல் கோகிமா அரசு மருத்துவமனையை அடைந்தார்.

அங்கு அவருடைய பணி கால் நூற்றாண்டு நீடித்தது. மலைப் பாதைகளைக் கடந்து வரும் நோயாளிகளுக்கு, அவர்களது மண்ணிலேயே பிறந்த மருத்துவராக அவர் விளங்கினார். 1963இல் நாகாலாந்து தனி மாநிலமானபோது அதன் நலவாழ்வுத் துறை இயக்குநர் பொறுப்பு அவரிடம் வந்தது. 1978இல் ஓய்வு பெறும் வரை அப்பொறுப்பை வகித்தார். 1998 செப்டம்பர் 13ஆம் நாள் மறைந்த அவருக்கு, நூற்றாண்டு நிறைவுற்ற 2018இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டது.