புது லாயத்தில் வயதான குதிரை

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்துக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோபோலோ, பாண்டிய நாட்டில் ஒரு விந்தையைக் கண்டார். அரசர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை அயல்நாட்டு வணிகரிடம் விலைக்கு வாங்கினாராம். ஆனால் ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட உயிரோடு இருப்பதில்லையாம்! குதிரைகளைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கு இல்லை என்றும், அவற்றுக்குச் சோற்றையும் இறைச்சியையும் சமைத்துப் போடுகிறார்கள் என்றும் அவர் எழுதி வைத்தார். எண்ணிக்கையில் சற்று மிகை இருக்கலாம். எனினும், கடல் கடந்து நலமாக வந்து இறங்கிய விலங்கு புது இடத்தில் ஏன் மடிய வேண்டும்? இக்கேள்விக்கு இன்றைய கால்நடை மருத்துவம் விடை கூறுகிறது.

இன்று நமக்குப் போர்க்குதிரை தேவையில்லை. வில்லியனூர் வட்டாரத்தில் ஐயனார் கோயில்களின் முன் நிற்கும் சுடுமண் குதிரைகளுக்குத் தீனியும் வேண்டாம். ஆனால் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின்போது கூடும் சந்தையில் உயிருள்ள குதிரைகள் விலைக்கு வருகின்றன. அங்கு வாங்கிய வயதான குதிரை ஒன்று, சங்கராபரணி ஆற்றையொட்டிய உறுவையாற்றுக்கு லாரியில் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது புது லாயத்தில் நலமாக வாழ என்ன செய்ய வேண்டும்?

பல் சொல்லும் வயது

முதலில் அதன் வயதை அறிய வேண்டும். விற்பவர் சொல்லும் வயதைவிடப் பல் சொல்லும் வயது நம்பத்தக்கது. மேல்தாடையின் ஓர வெட்டுப்பல்லில், ஏறக்குறைய 10 வயதில் ஈறின் அருகே பழுப்பு நிறப் பள்ளக்கோடு ஒன்று தோன்றும். 15 வயதில் அது பல்லின் பாதிவரை இறங்கும். 20 வயதில் முழு நீளத்தையும் எட்டும். அதன்பின் மேலிருந்து மறையத் தொடங்கும். இது தோராயக் கணக்கே. இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பின் ஆகலாம்.

குதிரையின் கடைவாய்ப்பல் நம் பல்லைப் போன்றதன்று. அதன் பெரும்பகுதி தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும். புல்லை அரைத்து அரைத்து மேற்பரப்பு தேயத் தேய, ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர்வரை பல் வெளியே வந்துகொண்டிருக்கும். இருப்பில் உள்ள நீளம் 75 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் வீதம் அது எத்தனை ஆண்டுகளுக்கு வரும்? இருபத்தைந்து! ஆகவே முதிர்ந்த குதிரைக்குப் பல்லே ஆயுளின் எல்லையாகி விடுகிறது. அரைகுறையாக மென்ற புல்லை அது உருண்டை உருண்டையாகக் கீழே போட்டால், பல் பழுதுபட்டிருக்கிறது என்று அறியலாம். அத்தகைய குதிரைக்கு வைக்கோல் போட்டால், மெல்லப்படாத நார் குடலில் அடைத்துக்கொள்ளும். தீவனத்தை நறுக்கி, நீரில் ஊறவைத்து, மென்மையாக்கிக் கொடுக்க வேண்டும்.

வயிற்றுக்குள் ஒரு பண்ணை

மாட்டின் வயிற்றில் அசையூண் இரைப்பை முன்னால் இருக்கிறது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். குதிரைக்கு அமைப்பு தலைகீழ். அதன் இரைப்பை மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். ஆனால் குடலின் பின்பகுதியில் ஏறக்குறைய 30 லிட்டர் கொள்ளும் ஒரு பெரிய பையும், அதைவிடப் பெரிய பெருங்குடலும் உள்ளன. அப்பைக்குச் சீக்கம் என்று பெயர். இங்கேதான் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வாழ்ந்து, புல்லின் செல்லுலோஸை நொதிக்கச் செய்து, குதிரைக்கு வேண்டிய ஆற்றலைத் தருகின்றன.

இந்த நுண்ணுயிரிகள் குதிரை வழக்கமாகத் தின்னும் தீவனத்துக்குப் பழகியவை. தீவனம் திடீரென மாறினால் அவை தடுமாறும். சோறு போன்ற மாவுப் பொருள் மிகுதியானால் சிறுகுடலால் அதை முழுதும் செரிக்க இயலாது. எஞ்சிய மாவு பின்குடலை அடையும். அங்கு லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியங்கள் பெருகும். நார்ப்பொருளை நொதிக்கச் செய்பவை மடியும். விளைவு, கடும் வயிற்றுவலி. சில வேளைகளில் குளம்பின் உட்புறத் திசு அழற்சியுற்று, குதிரை நிற்கவே இயலாத நிலை. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது என்பதால், தின்றது தின்றதுதான். மார்க்கோபோலோ கண்ட சாவுகளுள் பலவற்றுக்கு அந்தச் சோறே காரணமாக இருந்திருக்கலாம்.

ஆகவே பழைய இடத்தில் தின்ற தீவனத்தையே ஒரு மூட்டை உடன் கொண்டுவர வேண்டும். முதல் இரண்டு நாட்கள் அதையே கொடுத்து, பிறகு நான்கில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று புதுத் தீவனத்தைக் கூட்டி, பத்துப் பதினான்கு நாட்களில் முழுதும் மாற்றலாம். கொள்ளும் நல்ல தீனியே. ஆயினும் அதை ஊறவைத்து, சிறிது சிறிதாகப் பல வேளை கொடுப்பதே முறை. எந்நேரமும் முன்னால் புல்லும் தூய நீரும் இருக்க வேண்டும்.

நெல் விளையும் பாகூர், வில்லியனூர்ப் பகுதிகளில் அரிசித் தவிடு எளிதில் கிடைக்கும். மாட்டுக்கென வளர்க்கும் கோ 4 தீவனப்புல்லும் உண்டு. மாட்டுக்கு நன்மை தரும் இவையே குதிரைக்கு முழு உணவானால் கேடு. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. கோ 4 புல்லில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிணைத்து, குடல் உறிஞ்சாதபடி செய்துவிடும். மாட்டின் அசையூண் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டை முன்னதாகவே சிதைத்துவிடுவதால் மாடு தப்புகிறது. குதிரையோ, குறைந்த கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்கும். நாளடைவில் முக எலும்பு உப்பி, கால் நொண்டும். அருகம்புல் போன்ற மெல்லிய புற்களே குதிரைக்கு ஏற்றவை.

முதல் மூன்று வாரங்கள்

லாரியில் தலையை உயர்த்திக் கட்டிக் கொண்டுவந்தால், மூச்சுக்குழலில் சேரும் சளி வடிய வழியின்றி நுரையீரலில் நோய் பற்றலாம். எனவே இறங்கியதும் தலையைத் தாழ்த்தி மேய விட வேண்டும். முதல் மூன்று வாரங்கள் மற்றக் குதிரைகளிடமிருந்து விலக்கித் தனி லாயத்தில் வைப்பது நலம். சில தொற்றுநோய்கள் வெளித்தெரிய இரண்டு வாரங்கள்வரை ஆகும். 'கிளாண்டர்ஸ்' என்னும் கொடிய நோய் மனிதரையும் பற்றும். இத்தகைய நோய்களை ஆராய ஹரியானாவின் ஹிசாரில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. குதிரைக்கு இசிவு நோய் எளிதில் பற்றுமாதலால் தடுப்பூசி இன்றியமையாதது. உறுவையாற்று மக்களுக்குப் புதுச்சேரியை அடுத்த குருமாம்பேட்டிலேயே ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது ஒரு வசதி.

நாள்தோறும் மூன்று எண்களைக் குறித்து வைக்க வேண்டும். ஓய்வாக நிற்கும் குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. குதிரை தரையைக் காலால் பறித்தாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, புரண்டாலோ, சாணமிடாமல் இருந்தாலோ, அது வயிற்றுவலியின் அறிகுறி. காலைவரை காத்திருக்கலாகாது, உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

நின்றுகொண்டே முழுத் தூக்கமா?

குதிரை நின்றபடியே உறங்கும் என்பது பாதி உண்மை. கால் மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் தசைநாண், தசைநார் அமைப்பு இருப்பதால், அது விழாமல் நின்றே கண்ணயரும். ஆனால் கனவுகளோடு தொடர்புடைய ஆழ்ந்த உறக்க நிலைக்கு அது படுத்தாக வேண்டும். நாளொன்றுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் இந்த உறக்கம் தேவை. இயற்கையில் இரையாகும் விலங்காதலால், தோழன் காவல் நிற்கிறான் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் குதிரை படுக்காது. வயதான குதிரைக்கோ எழுந்திருக்கும்போது மூட்டு வலியும் உண்டு. படுக்காத குதிரை சில நாட்களில் நின்றவாறே கண் செருகி, முன்னங்கால் மடிந்து சரியும்.

இதற்கு மருந்து, காய்ந்த மணலோ வைக்கோலோ பரப்பிய மெத்தென்ற தரையும் ஒரு துணையும். துணை இன்னொரு குதிரையானால் முதலில் வேலிக்கு அப்பால் நின்று இரண்டும் பழக வேண்டும். குதிரை கிடைக்காவிடில் ஆடோ கழுதையோகூடத் துணையாகும். பிடரி முடியும் தோள்மேட்டில் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும். அவ்விடத்தைச் சொறிந்தால் இதயத் துடிப்பு தணிகிறது என்று சோதனைகள் காட்டியுள்ளன. நாமும் கையால் அவ்விடத்தை மெல்லத் தேய்த்துவிடலாம். அணுகும்போது குரல் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில் செல்ல வேண்டும். நேர் பின்புறம் அதன் கண்ணுக்குத் தெரியாது.

பல், குடல், உறக்கம் ஆகிய மூன்றும் ஒன்றையே சொல்கின்றன. குதிரையின் உடலுக்கு மாற்றம் படிப்படியாக வர வேண்டும். வயது ஏற ஏற அந்தப் படிகள் இன்னும் சிறியவையாக வேண்டும். ஒருநாள் விடியலில் லாயத்தை எட்டிப் பார்க்கும்போது, குதிரையின் விலாவில் மணல் ஒட்டியிருந்தால் மகிழலாம். இரவில் அது படுத்து உறங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.