மச்சில் தடதடத்த "பேய்"! சங்கரன்கோவில் பழைய வீட்டில் குடியிருந்தது யார்?

ராத்திரி பத்து மணி ஆனால் போதும். மச்சில் "தடதட"வென்று சத்தம்! யாரோ குறுக்கும் நெடுக்கும் ஓடுவது போல் இருக்கும். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு "உஸ்ஸ்ஸ்..." என்று ஒரு சீறல். கேட்டவர்களுக்குக் குலை நடுங்கும்.

சங்கரன்கோவிலில் எங்கள் பெரியம்மையின் ஓட்டு வீடு அது. பெரியம்மை மகனோடு கோயம்புத்தூர் போன பிறகு ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. "அந்த வீட்டுல பேய் இருக்கு" என்று தெருவே பேசியது. விலை பேச வந்த இரண்டு பேர் வாசலோடு திரும்பிப் போய்விட்டார்கள்.

மூன்றாவதாக வந்தவர் துணிச்சல்காரர். விசைத்தறி வைத்திருப்பவர். "பேய் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நான் இடிச்சுட்டு மாடி வீடு கட்டப் போறேன். பேய்க்குன்னு வெலையில மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கோங்க" என்றார்!

மனை அவருக்கு, ஓடும் உத்திரமும் எங்களுக்கு என்று பேச்சு. அட்வான்சும் வாங்கியாகிவிட்டது. ஓட்டைப் பிரிக்க கொத்தனாரும், நாலு ஆட்களும் வந்தார்கள். பெரியம்மையும் ஊரில் இருந்து வந்து விட்டாள்.

கொத்தனார் அலறல்!

ஏணி வைத்து மச்சுக்குள் தலையை நீட்டிய கொத்தனார், அடுத்த நிமிடம் கீழே இருந்தார். ஏறியது தெரியும், எப்படி இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது.

"அண்ணாச்சி, மேல என்னமோ கெடக்கு! கண்ணு ரெண்டும் நெருப்புத் துண்டு மாதிரி மின்னுது!"

டார்ச் லைட்டை வாங்கிக்கொண்டு நானே ஏறினேன். நெஞ்சு அடித்துக்கொண்டதை மறைக்க விரும்பவில்லை. மூலையில் பழைய சாக்கின் மேல் பூனையை விட நீளமாக ஒரு பிராணி. சாம்பல் கலந்த கறுப்பு உடம்பு. முகத்தில் முகமூடி போட்டது போல் கறுப்பு. உடம்பு நீளத்துக்கு வால். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூன்று குட்டிகள்!

அடுத்த வீட்டுத் தாத்தா வாலிபத்தில் பனை ஏறியவர். எட்டிப் பார்த்து விட்டுச் சிரித்தார்.

"ஏ, இது மரநாய்லா! பதனிக் கலயத்துல வாய வைக்கிற களவாணிப் பய. இதையா ஆறு வருசமா பேயின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிய?"

மரநாய் பகலில் தூங்கும். இருட்டியதும் இரை தேடப் போகும். பழம் தின்னும், எலி தின்னும், பூச்சியும் தின்னும். தின்ற பழத்தின் கொட்டை அப்படியே எச்சத்தில் வெளியே வந்துவிடும். மச்சு முழுக்க வேப்பங்கொட்டை குவியலாகக் கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

இந்தோனேஷியாவில் இதே இனம் தின்று போடும் காப்பிக் கொட்டையைப் பொறுக்கிக் கழுவி, வறுத்துப் பொடி செய்து விற்கிறார்கள். உலகத்தில் விலை கூடிய காப்பிகளில் அதுவும் ஒன்று! நமக்குக் கிடைத்தது வேப்பங்கொட்டை. அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

சீறியது எது?

ஓடியது மரநாய். சரி, சீறியது?

அதற்கும் விடை கிடைத்தது. முகட்டுச் சுவரின் காற்றுப் பொந்தில் வெள்ளை முகத்தோடு இரண்டு கூகைகள் உட்கார்ந்திருந்தன. ஆந்தையில் இது ஒரு வகை. அலறாது. கிறீச்சிடும், சீறும். ராத்திரியில் கேட்டால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். "சாக்குருவி" என்று கல்லால் அடித்து விரட்டுவதும் இதைத்தான்.

பொந்துக்குக் கீழே உருண்டை உருண்டையாக என்னவோ கிடந்தது. ஒன்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே எலி முடி, எலி எலும்பு, எலி மண்டை ஓடு! கூகை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காததைக் கக்கி விடும். இஸ்ரேலிலும் மலேசியாவிலும் வயலிலும் தோட்டத்திலும் பெட்டி கட்டி வைத்து, எலியைப் பிடிப்பதற்காகவே கூகையை வரவழைக்கிறார்கள். நாம் கல்லெடுக்கிறோம்.

விறகுக் குவியலில் பாம்புச் சட்டை

புறவாசலில் பழைய விறகுக் குவியல். அதை அள்ளக் குனிந்த சித்தாள் "ஐயோ!" என்று பின்வாங்கினாள். ஆள் நீளத்துக்குப் பாம்புச் சட்டை தொங்கிக் கொண்டிருந்தது.

"எடுலே கம்பை!" என்று ஆட்கள் பாய்ந்தார்கள். பெரியம்மை குறுக்கே போய் நின்று கொண்டாள்.

"ஏல, அடிச்சிராதியடா! கோமதியம்மனுக்கு வெள்ளியில பாம்பு உரு வாங்கிப் போடுதேன்னு நேந்துக்கிட்டேன். அது பாட்டுக்குப் போயிரும்."

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். சங்கரன்கோவிலில் இது நாள்தோறும் நடப்பது. வீட்டில் பாம்பு, தேள் நடமாட்டம் இருந்தால், அதன் உருவத்தைத் தகட்டில் வாங்கிச் சங்கரநாராயணர் கோவிலில் காணிக்கையாகப் போடுவார்கள். புற்று மண்ணைப் பிரசாதமாகக் கொண்டு போவார்கள். கோவிலின் கதையே புற்றில்தான் தொடங்குகிறது. தோட்டத்தில் புற்றை வெட்டியபோது பாம்பின் வால் அறுபட்டது, அங்கே லிங்கம் தெரிந்தது, சேதி கேட்டு உக்கிர பாண்டியன் கோவில் கட்டினான் என்பது தலபுராணம். சங்கன், பதுமன் என்ற நாகங்கள் சிவனா, பெருமாளா என்று வழக்கு அடித்துக்கொண்டதும் இங்கேதான். ஆடித்தபசுக்கு வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியம்மை நேர்ந்துகொண்டாள். நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். இரண்டும் நடந்தது.

வந்த வீரர்கள் விறகைக் கிளறியதும் ஏழு அடிக்குக் குறையாமல் ஒரு பாம்பு சரசரவென்று வெளியே வந்தது. சாரை! விஷம் இல்லாதது. "நாகத்துக்கு இதுதான் ஆண்" என்று ஒருவர் ஆரம்பித்தார். அதெல்லாம் கதை. சாரை வேறு, நாகம் வேறு. இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு ஆடுகிறதே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் மல்யுத்தம்தான். "அடித்தால் பழி வாங்கும்" என்பதற்கும் ஆதாரம் கிடையாது.

எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீ வாங்கி வரச் சொன்னோம்.

அரை அடி தூரத்தில் எமன்!

சிரிப்பு அடங்கவில்லை. அடுப்படியில் பெயர்ந்து கிடந்த ஒரு தளக்கல்லை ஆள் ஒருவன் புரட்டினான். அடியில் கையகல இடத்தில் சுருண்டு கிடந்தது, பளபளவென்ற கறுப்பில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்ட பாம்பு. கட்டுவிரியன்! சித்தாளின் வெறுங்கால் அரை அடி தள்ளி இருந்தது.

"அசையாத தாயி, அப்படியே நில்லு" என்றார் வீரர். இடுக்கி போட்டு எடுத்துப் பைக்குள் விட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. இரண்டு பாம்பையும் வனத்துறையிடம் ஒப்படைக்கக் கொண்டு போனார்கள்.

ஏழு அடிச் சாரைக்குக் கம்பெடுத்தோம். ஆளைக் கொல்லக்கூடியது கல்லுக்கு அடியில் சத்தமில்லாமல் கிடந்தது!

நல்லபாம்பு படமெடுக்கும். கண்ணாடி விரியன் குக்கர் மாதிரிச் சத்தம் போடும். கட்டுவிரியன் எதுவும் செய்யாது. ராத்திரியில் வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குபவர்களைக் கடிக்கும். பல சமயம் வலியே தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியும் நேரத்தில் வயிற்று வலி, இமை சொருகும், பேச்சு குழறும், மூச்சு அடைக்கும்.

எங்கள் தெருவிலேயே அப்படி ஒருவர் போனார். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன். வயிற்று வலி என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். கடிவாயைப் பார்த்ததும் மந்திரித்து, மண்ணைக் குழைத்துப் பூசினார்கள். வண்டி பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. பெரியம்மை அதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் கம்மும். "மண்ணு நெத்திக்குத்தாம்ல. கடிச்ச எடத்துக்கு ஊசிதான்" என்பாள். நேர்த்திக்கடன் தவறாதவள் சொல்வது இது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை, வருடத்துக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் பாம்புக் கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தமிழக அரசு 2024 நவம்பரில், பாம்புக் கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

மருந்து இல்லாமல் இல்லை. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்தில் இருந்துதான் விஷமுறிவு ஊசி தயாராகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்து. எந்தப் பாம்பு என்று அடித்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. கத்தியால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். கட்டிலில் படுத்தாலோ, கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டாலோ கட்டுவிரியன் கடிக்கும் ஆபத்து குறையும்.

ஒரு மாதம் வாய்தா

பாம்பு போனது. மரநாய்க் குட்டிகள்?

"புகை போட்டா ஓடிரும்" என்றார் கொத்தனார். தாய் ஓடும், குட்டி எங்கே ஓடும்? 1972-ம் வருட வனவிலங்குச் சட்டம் வேறு இருக்கிறது. பெரியம்மை தறிக்காரரிடமே போய்க் கேட்டாள். "பச்சப் பிள்ளைக்காரி தம்பி. ஒரு மாசம் பொறுங்க."

அவர் மண்டையைச் சொறிந்தார். "நான் பேய்க்குத்தான் வெலை கொறைச்சேன். பேய் இல்லைன்னா அந்தக் காசையும் சேத்துல்லா கேப்பிய?" என்றார். கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். ஒரு மாதம் கிடைத்தது.

இருபத்தி மூன்றாம் நாள் சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம். தாய் மரநாய் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மதில் மேல் நடந்து போனது. திரும்பி வந்தது. இரண்டாவது குட்டி. பிறகு மூன்றாவது. தெருவே வாசலில் நின்று பார்த்தது. ஒருவரும் சத்தம் போடவில்லை.

இப்போது அந்த இடத்தில் மாடி வீடு எழும்பிவிட்டது. கூகைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. நாலு வீடு தள்ளி இன்னொரு ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. போன வாரம் போயிருந்தபோது டீக்கடையில் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தெரியுமா அண்ணாச்சி, அந்த வீட்டுல பேய் இருக்காம்!"