தனிக்கல உயிர்களும் நமது வாழ்வும்

வலிகாமத்துக் காணியில் கிணறு வெட்டியவர்கள் அந்த வெள்ளைக் கல்லை மறக்கமாட்டார்கள். அலவாங்கு மழுங்கும், கை கொப்பளிக்கும். குடாநாட்டின் அந்தச் சுண்ணக்கல் ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர் கடலடியில் படிந்தது. அதை மெல்லிதாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் வைத்தால் சின்னஞ்சிறு ஓடுகள் தெரியும். போராமினிபெரா எனப்படும் தனிக்கல உயிர்கள் விட்டுச்சென்ற கூடுகள் அவை. நாம் விட்டுவந்த காணிகளின் அடியில் கிடப்பதில் ஒரு பங்கு அவற்றின் உழைப்புத்தான்.

விலங்கும் அல்லாத, தாவரமும் அல்லாத, பங்கசும் அல்லாத இவ்வுயிர்களுக்கு 1866 இல் ஜேர்மன் அறிஞர் ஏர்ணஸ்ட் ஹேக்கல் புரொட்டிஸ்டா என்று பெயரிட்டார். (இவர் 1881 இல் இலங்கைக்கு வந்து வெலிகமவில் தங்கிக் கடலுயிர்களை ஆராய்ந்தவர்.) இவை ஒரே குடும்பத்தவை அல்ல என்பது இன்று தெளிவாகியுள்ளது. வேறெங்கும் சேராதவற்றை ஒரே கடகத்தில் போட்டுவைத்த கதைதான். அமீபாவும் உண்டு, கடலில் மிதந்து நாம் சுவாசிக்கும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கைத் தரும் தயற்றமும் உண்டு. பல கலங்களாலான கஞ்சிப்பாசி போன்ற கடற்பாசிகளையும் இந்தக் கடகத்திலேயே சேர்ப்பார் உளர்.

நம்மை அதிகம் அழவைத்தது மலேரியாக் கிருமி. 1934-35 கொள்ளைநோயில் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, நுளம்பு பெருகியது. பின்னர் டி.டி.ரி. தெளித்து 1963 இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. நோய் போய்விட்டதென்று தெளிப்பதையும் நிறுத்தினார்கள். 1968-69 இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் படுக்கையில் விழுந்தனர். 1999 இலும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரை அது பிடித்தது. காட்டோரக் கொட்டில்களில் நுளம்புவலையின்றிக் கிடந்த குடும்பங்களுக்கு இந்த எண்ணிக்கையை நான் விளக்கவேண்டியதில்லை.

உள்நாட்டில் தொடர்ந்து பரவிவந்த தொற்றின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் அதே ஆண்டின் இறுதியில் இந்தியாவின் நகர்ப்புற மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது, பின்னர் யாழ்ப்பாணத்திலும். இது குட்டைகளைத் தேடிப் போவதில்லை. நாம் தண்ணீர் அள்ளும் கிணற்றிலும் தொட்டியிலுமே முட்டையிடும். மலேரியாத் தடை இயக்கத்தினர் கிணற்றில் மீன் விட வந்தால் மறுக்காதீர்கள். இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ திரும்பிய உறவினருக்குக் காய்ச்சல் வந்தால், எங்கிருந்து வந்தார் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லி இரத்தத்தைச் சோதிக்கச் செய்யுங்கள். கேட்டால்தான் சொல்வது என்று இருந்துவிட வேண்டாம். இளம் வைத்தியர் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதேயில்லை.

பொதுக்கிணற்றை நம்பி வாழ்வோருக்கு அடுத்த எதிரி சீதபேதி அமீபா. மலத்தோடு வெளிவரும் இதன் விதைபோன்ற உறைக்குத் தடித்த சுவர் உண்டு. கிணற்றுக்கு இடும் அளவு குளோரின் வாந்திபேதிக் கிருமியைக் கொல்லும். இந்த உறையை எளிதில் கொல்லாது. தேற்றாங்கொட்டை உரைத்துவிட்டால் கலங்கல் தெளியும். தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவேண்டும். விறகுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குடிக்கும் அளவையாவது, குழந்தைகளுக்கு உரியதையாவது காய்ச்சுங்கள்.

தோட்டக்காரருக்கு ஒரு சொல். 1845 இல் தொடங்கி அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழுகவைத்து, பத்து இலட்சம் பேரளவில் பட்டினியாலும் நோயாலும் மடியக் காரணமான வெளிறல் நோயைப் பலர் பங்கசு என்றே நினைக்கிறார்கள். அது உண்மைப் பங்கசு அல்ல. தயற்றத்துக்கும் கபிலநிறக் கடற்பாசிக்கும் உறவு. இந்த வேறுபாடு படிப்பறைக்கு மட்டுமானதல்ல. காபென்டசிம் போன்ற பங்கசுநாசினிகள் இதைத் தொடுவதேயில்லை. உருளைக்கிழங்கிலோ தக்காளியிலோ இந்நோய் கண்டால் கடைக்காரர் தருவதை வாங்கி அடிக்கவேண்டாம். இலையை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி மருந்தைக் கேளுங்கள். கடன்பட்டு வாங்கிய மருந்து வீணாகப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாட்டின் வயிற்றில் வைக்கோலைச் செரிக்க உதவுபவற்றிலும் இவ்வினத்தார் உண்டு. வயல் மண்ணில் பற்றீரியாவைத் தின்று நைதரசனைப் பயிருக்கு விடுவிப்பவையும் உண்டு. கோழிக்குஞ்சு இரத்தமாகக் கழிந்து சாவதும் இவ்வினத்தைச் சேர்ந்த ஒன்றினால்தான். அதன் முட்டைபோன்ற உறை ஈரமான உமியில் ஓரிரு நாளிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். குஞ்சு வளர்ப்போர் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்த உமியை அன்றாடம் அள்ளி அகற்றி, காய்ந்ததைப் பரப்புங்கள்.