குழந்தைக்கு 2 வயசு ஆகிறதுக்குள்ள ஃபாரின் ட்ரிப்: லோன் போட்டுப் போகலாமா?



சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. "சார், பெரியவனுக்கு 5 வயசு, சின்னவளுக்கு ஒன்றரை வயசு. அவளுக்கு 2 வயசு முடிஞ்சா தனி சீட் எடுக்கணுமாம். டிராவல்ஸ்ல ஈஎம்ஐ போட்டுத் தர்றோம்னு சொல்றாங்க. இப்பவே சிங்கப்பூர் போயிட்டு வந்துடலாமா?"

பாளையங்கோட்டையில ஐடி வேலை பார்க்கிறவங்க, அம்பாசமுத்திரத்துல பேங்க்ல இருக்கிறவங்க, சென்னையில வேலை பார்த்துட்டு லீவுக்கு மட்டும் நெல்லை வர்றவங்க எல்லாரும் கேட்கிறது இதேதான். ஆசையில தப்பே இல்லை. ஆனா "2 வயசுக்குள்ள போனா லாபம்"ங்கிற கணக்கை ஒரு தடவை பேப்பர்ல போட்டுப் பார்த்துடுவோம்.

2 வயசு கணக்கு எவ்வளவு உண்மை?

பாதி உண்மை. 2 வயது முடியாத குழந்தைக்குத் தனி சீட் வேண்டாம், அம்மா அல்லது அப்பா மடியில உட்காரலாம். சர்வதேச விமானங்கள்ல இந்த இன்ஃபன்ட் டிக்கெட் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்துல சுமார் 10 சதவீதம்தான். 2 வயது முடிஞ்சா சீட் கட்டாயம். சில நிறுவனங்கள் 12 வயசு வரைக்கும் சலுகை தரும். பட்ஜெட் விமானங்கள்ல பெரும்பாலும் பெரியவர் கட்டணமேதான்.

இதுல பலர் கவனிக்காத விஷயம்: போற தேதியில மட்டும் இல்லை, திரும்பி வர்ற தேதியிலயும் குழந்தைக்கு 2 வயசு முடிஞ்சிருக்கக் கூடாது. நடுவுல பிறந்தநாள் வந்தா, திரும்பும்போது சீட் வாங்கித்தான் ஆகணும்.

நோட்டீஸ் விலையும் நிஜ விலையும்

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ரெண்டு பெரியவங்க, 5 வயசுப் பையன், ஒன்றரை வயசுக் குழந்தை, சிங்கப்பூர் 5 நாள். தொகைகளை உங்க கொட்டேஷன்படி மாத்திக்கோங்க.

- பேக்கேஜ் (டிக்கெட், ஹோட்டல், விசா, ஜிஎஸ்டி சேர்த்து): ரூ.2,80,000
- டிசிஎஸ் (2025-26 விகிதம் 5%): ரூ.14,000
- 4 புது பாஸ்போர்ட்: ரூ.4,800
- ஏர்போர்ட்டுக்குக் கார், போக வர: ரூ.10,000
- டிராவல் இன்ஷூரன்ஸ்: ரூ.4,000
- அங்கே சாப்பாடு, பால், டயப்பர், பஸ், சின்னச் சின்ன ஷாப்பிங்: ரூ.45,000
- அவசரத்துக்கு: ரூ.25,000

மொத்தம் ரூ.3,82,800. நோட்டீஸ்ல பார்த்ததைவிட ஒரு லட்சத்துக்கு மேல கூடுதல். ஈஎம்ஐ பேசும்போது முதல் வரியை மட்டும்தான் பேசுவாங்க. மீதியெல்லாம் கிரெடிட் கார்டுல போய் உட்காரும்.

லோனா, ஆர்டியா?

ரூ.3,80,000 பர்சனல் லோன், 14% வட்டி, 3 வருஷம்னு வைங்க. மாதத் தவணை சுமார் ரூ.13,000. மொத்த வட்டி சுமார் ரூ.87,000. இப்ப 5 வயசு பையனுக்கு 8 வயசு ஆகிற வரைக்கும் அந்த 5 நாளுக்குத் தவணை கட்டணும்.

இப்போ காத்திருந்தா என்ன ஆகும்? சின்னவளுக்கு சீட் வாங்கணும். அதனால பேக்கேஜ் ரூ.50,000 கூடி ரூ.3,30,000 ஆகுதுன்னு வைப்போம். டிசிஎஸ் சேர்த்து மொத்தச் செலவு ரூ.4,35,300. மாதம் ரூ.21,000 வீதம் 20 மாதம் ஆர்டி போட்டா, 6.5% வட்டியில கையில சுமார் ரூ.4,43,000 இருக்கும். உங்க பாக்கெட்ல இருந்து போனது ரூ.4,20,000.

லோன் வழியில போறது சுமார் ரூ.4,67,000. ஆக, இன்ஃபன்ட் டிக்கெட்ல ரூ.50,000 மிச்சம் பிடிக்கிறதுக்காக ரூ.87,000 வட்டி கட்டுறீங்க. நடுவுல டிக்கெட் விலை கொஞ்சம் ஏறினாலும் தாங்குற அளவுக்கு இடைவெளி இருக்கு.

இன்னொரு விஷயம். மாதம் ரூ.21,000 எடுத்து வைக்க முடியலைன்னா, மாதம் ரூ.13,000 தவணையை 3 வருஷம் கட்டுறதும் சுலபம் இல்லை. ஆர்டியை 4 மாதத்துல நிறுத்த வேண்டி வந்தா பெருசா நஷ்டம் இல்லை. லோனை அப்படி நிறுத்த முடியாது.

கையில ஏற்கெனவே பணம் இருக்கா? அவசர நிதியைத் தொடாம எடுக்க முடியுமா? அப்போ 2 வயசுக்குள்ள போறது நிஜமாவே லாபம்தான், தாராளமா போங்க. பணம் பாதிதான் இருக்குன்னா சிங்கப்பூருக்குப் பதிலா கொழும்பு யோசிக்கலாம். மதுரையில ஏறினா சுமார் ஒரு மணி நேரப் பயணம். கைக்குழந்தையோட முதல் விமானப் பயணத்துக்கு அதுவே போதும்.

டிசிஎஸ்: இது செலவு இல்லை, உங்க பணம்

2025-26 நிதியாண்டுல, வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா ரூ.10 லட்சம் வரைக்கும் 5%, அதுக்கு மேல 20% டிசிஎஸ் பிடிச்சாங்க. இது கூடுதல் வரி இல்லை. உங்க பான் எண்ணுல வரவு வைக்கப்படும் முன்பண வரி.

திரும்ப வாங்க ரெண்டு வழி இருக்கு:

1. சம்பளத்துல டிடிஎஸ் பிடிக்கிறாங்கன்னா, டிசிஎஸ் விவரத்தை அதுக்கான ஃபார்ம்ல பூர்த்தி செஞ்சு ஹெச்ஆர்கிட்ட கொடுங்க (2025-26ல அது ஃபார்ம் 12பிஏஏ). 2024 அக்டோபர்ல இருந்து இந்த வசதி இருக்கு. அந்த ரூ.14,000 அளவுக்கு மீதி மாதங்கள்ல டிடிஎஸ் குறையும்.
2. சம்பளம் ரூ.12.75 லட்சத்துக்குள்ள, புதிய வரி முறை, வேற வருமானம் இல்லைன்னா 2025-26க்கு உங்களுக்கு வரியே இல்லை. அப்போ குறைக்கிறதுக்கு டிடிஎஸ்ஸும் இருக்காது. ரிட்டர்ன் தாக்கல் பண்ணி ரீஃபண்டா வாங்கணும்.

"வரியே இல்லையே, எதுக்கு ரிட்டர்ன்"னு விடுறவங்கதான் இந்தப் பணத்தை இழக்கிறாங்க. அதோட, உங்களுக்காகவோ மத்தவங்களுக்காகவோ வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு வருஷத்துல ரூ.2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணினா, வருமானம் வரம்புக்குள்ள இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம். பேக்கேஜ் வாங்கினது உங்க ஏஐஎஸ்ல தெரியும். அதனால பில்லை யார் ரிட்டர்ன் போடுறாங்களோ அவங்க பான்ல போடச் சொல்லுங்க.

டிசிஎஸ்ஸே வேண்டாம்னா அதுக்கும் நேர்மையான வழி இருக்கு. டிக்கெட், ஹோட்டல், மற்ற பயணச் செலவு, இதுல ரெண்டாவது ஒண்ணா சேர்ந்திருந்தாதான் அது "பேக்கேஜ்". விமான நிறுவனத்துல டிக்கெட் மட்டும், வேற இடத்துல ஹோட்டல் மட்டும்னு தனித்தனியா நீங்களே புக் பண்ணினா இந்த டிசிஎஸ் வராது.

எல்டிஏ போட்டுக்கலாமா?

முடியாது. எல்டிஏ வரிவிலக்கு இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில மட்டும். "மதுரையில கிளம்பி மதுரையில முடிக்கிறேனே"ன்னு கேட்பீங்க. அதையும் முயற்சி பண்ணிப் பார்த்துட்டாங்க. ஸ்டேட் பேங்க் ஊழியர்கள் சிலர் மொரீஷியஸ் வழியா ராமேஸ்வரம், துபாய் - தாய்லாந்து வழியா மதுரைன்னு பயணம் போய் விலக்கு வாங்கியிருந்தாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2022 நவம்பர் 4 தீர்ப்பு: வெளிநாடு நடுவுல வந்தா விலக்கு கிடையாது.

பாஸ்போர்ட்: பணத்தைவிட நாள் முக்கியம்

- கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேணும். சிங்கப்பூர்னா தனி விசாவும் வேணும்.
- கட்டணம் 18 வயசுக்குக் கீழ ரூ.1,000. 8 வயசுக்குக் கீழ முதல் தடவை எடுத்தா 10% தள்ளுபடி, ரூ.900. பெரியவங்களுக்கு (36 பக்கம்) ரூ.1,500. சிறுவர் பாஸ்போர்ட் 5 வருஷம்தான் செல்லும்.
- 2023 அக்டோபர் 1 அல்லது அதுக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிச் சான்றா பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் ஏற்பாங்க. ஆதார் உதவாது.
- நம்ம ஊர்ல பல சான்றிதழ்ல குழந்தை பேர் இருக்காது. "ஆண் குழந்தை"ன்னு மட்டும் இருக்கும். முதல்ல பேரைப் பதிவு பண்ணுங்க. ஒரு வருஷத்துக்குள்ளன்னா கட்டணம் இல்லை.
- பாஸ்போர்ட்ல இனிஷியல் போட முடியாது. அப்பா பேரை முழுசா விரிச்சு எழுதணும். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு, அதுல இருக்கிற பேர்லயே டிக்கெட் போடுங்க.
- அம்மா அப்பா பாஸ்போர்ட்டை முதல்ல எடுத்துட்டா குழந்தைக்கு எடுக்கிறது சுலபம். திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குக் குழந்தையையும் கூட்டிட்டுப் போகணும். 4 வயசுக்குக் கீழன்னா வெள்ளைப் பின்னணியில எடுத்த போட்டோவும் வேணும்.

எந்த ஏர்போர்ட்?

பக்கத்துல இருக்கிற வாகைக்குளம் (தூத்துக்குடி) விமான நிலையம் உள்நாட்டுக்கு மட்டும். வெளிநாட்டுக்கு திருவனந்தபுரம், மதுரை ரெண்டும் கிட்டத்தட்ட 150-160 கி.மீ. தூரம்தான். "சென்னையில இருந்து டிக்கெட் ரூ.6,000 குறைவு"ன்னு தெரிஞ்சாலும், 4 பேர் சென்னை போக வர்ற செலவு, ஒரு ராத்திரி ரூம், தூக்கம் கெட்ட குழந்தை எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. அதோட, வாகைக்குளம் - சென்னை ஒரு டிக்கெட், சென்னை - சிங்கப்பூர் வேற டிக்கெட்னு தனித்தனியா போட்டு முதல் விமானம் லேட்டானா, ரெண்டாவது டிக்கெட் பணம் உங்க தலையில.

அங்கே போன பிறகு

கிரெடிட் கார்டுல பெரும்பாலும் 2 முதல் 3.5% வரை ஃபாரின் மார்க்கப், அது மேல 18% ஜிஎஸ்டி. கடையில "ரூபாயில பே பண்றீங்களா"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லி, அந்த ஊர் கரன்சியிலயே கட்டுங்க. கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் பொதுவா வெளிநாட்டுல செல்லாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு தடவை டாக்டரைப் பார்த்தாலே இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைவிட அதிகம் ஆகும். அதுல மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. பிறப்புச் சான்றிதழை எடுத்து, குழந்தை பேர், உங்க பேர் சரியா இருக்கான்னு பாருங்க.
2. மேலே இருக்கிற 7 வரிக் கணக்கை உங்க தொகையில போடுங்க.
3. சம்பளம் வந்த மறுநாள் பிடிக்கிற மாதிரி ஒரு ஆர்டி ஆரம்பிங்க.
4. ஆர்டி முடியும் மாதத்தை வச்சுப் பயணத் தேதியை முடிவு பண்ணுங்க. டிராவல்ஸ் சொல்ற தேதியை வச்சு இல்லை.

சின்னவளுக்கு அப்போ 3 வயசு தாண்டியிருக்கும், டயப்பர் பை இருக்காது. பெரியவனுக்கு 7 வயசு நெருங்கும், பார்த்தது எல்லாம் ஞாபகம் இருக்கும். திரும்பி வந்த மாதம் உங்க சம்பளமும் முழுசா உங்க கையில இருக்கும்.

உங்க கொட்டேஷன்ல ஏதாவது வரி புரியலைன்னா கமெண்ட்ல கேளுங்க. ஹெச்ஆர்கிட்ட கொடுக்கிற டிசிஎஸ் ஃபார்ம் எப்படி நிரப்புறதுன்னு அடுத்த வீடியோவில பார்க்கலாம்.