பழைய கம்ப்யூட்டரை மாற்றுமுன்...

வீட்டில் 4 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா? பிள்ளைகள் பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தாலே திணறுகிறதா? லினக்ஸ் போட்டிருந்தால், புதிது வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள்.

நினைவகம் நிரம்பியதும் லினக்ஸ், உடனே தேவைப்படாத விவரங்களை ஹார்டு டிஸ்க்கிலுள்ள 'ஸ்வாப்' பகுதிக்கு அனுப்பும். டிஸ்க் மெதுவானது. திணறலுக்குக் காரணம் அதுவே. குளிர் போனதும் ரஜாயைப் பரணில் ஏற்றாமல், இறுக்கிச் சுருட்டி அதே அறையில் வைத்தால் எடுப்பது சுலபமல்லவா? 'இசட்ரேம்' செய்வதும் அதுதான். விவரங்களைச் சுருக்கி நினைவகத்திலேயே வைக்கிறது. பெரும்பாலும் இரண்டு, மூன்று பங்கு விவரம் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும்.

2014-இல் வந்த 3.14 பதிப்பு முதல் இது லினக்ஸ் கெர்னலின் முறையான அங்கம். ஃபெடோரா டெஸ்க்டாப்பில் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து தானாகவே இயங்குகிறது.

டெபியன், உபுண்டு வைத்திருப்போர் 'இசட்ரேம்-டூல்ஸ்' தொகுப்பை நிறுவுங்கள். பிறகு 'ஈடிசி' அடைவுக்குள் 'டிஃபால்ட்' அடைவில் 'இசட்ரேம்ஸ்வாப்' என்ற கோப்பைத் திறந்து, 'பர்சென்ட்' வரியின் முன்னுள்ள # குறியை நீக்கி, மதிப்பை 50 என வையுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் நினைவகத்தில் பாதி அளவுக்கு ஸ்வாப் தயார். 'இசட்ரேம்சிடிஎல்' கட்டளை, எவ்வளவு சுருங்கியது என்று காட்டும்.

ஒரு எச்சரிக்கை: பழைய டிஸ்க் ஸ்வாப்பை நீக்கிவிடாதீர்கள். 'ஹைபர்நேட்' செய்ய அது வேண்டும். இசட்ரேம் நிரம்பினாலும் கைகொடுக்கும். சுருக்கும் வேலையால் பிராசஸருக்குச் சற்றுச் சுமை கூடும். டிஸ்க்குக்காகக் காத்திருப்பதைவிட அது மேல்.

செலவு ஒரு பைசா இல்லை. பிள்ளைகளின் படிப்பும் தடைப்படாது.