ஆளுக்கொரு அளவு – 14: தரைக்கு இறங்கும் கால்

நெல்லை மேலப்பாளையத்து வீடுகளில் தொழில் தரையில் நடக்கிறது. பீடி சுற்றுகிறவர் சம்மணமிட்டு மடியில் தட்டை வைத்துக்கொள்கிறார். குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கிறார். தொழுகையின் இருப்பில் முழங்கால் முழுக்க மடங்கும். ஒரு பாதத்தின் விரல்கள் தரையில் மடங்கி ஊன்றும். காலை இழந்தவருக்கு இங்கே செய்து தரும் கால் நடந்தால் மட்டும் போதாது, உட்காரவும் வேண்டும்.

நீளம், சுற்றளவு, மாவு வார்ப்பு எல்லாம் சென்ற வாரங்களில் வந்துவிட்டன. இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்தது சக்கர நாற்காலி. அதற்குமுன் பாதத்தின் கணக்கைத் தீர்த்தாக வேண்டும்.

1950களில் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவியது 'சாச்' பாதம். நடுவில் அசையாத கட்டை, குதிகாலில் மட்டும் மெத்தென்ற ரப்பர். நாற்காலியில் அமர்ந்து, ஷூ அணிந்து, சமதரையில் நடப்பவருக்கு அது போதுமானது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் போகிறவருக்கு அது பொருந்தாது. கணுக்கால் மடங்காததால் குத்தவைத்தால் குதிகால் தரையில் நிற்காது. பாளையங்கால்வாய் பாயும் வயல்களில் வரப்பின் சரிவுக்கு ஏற்பப் பாதம் பக்கவாட்டில் சாயவும் சாயாது.

இதே சிக்கலை ஜெய்ப்பூரில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி பார்த்தார். கொடுத்த காலைப் பலர் மூலையில் வைத்துவிட்டுப் பழைய ஊன்றுகோலுக்கே திரும்பியிருந்தார்கள். அவருடன் சேர்ந்தவர் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். 1960களின் பிற்பகுதியில் இருவரும் உருவாக்கியதுதான் ஜெய்ப்பூர் கால். குதிகாலில் பஞ்சு ரப்பர், கணுக்கால் மேல்புறத்தில் மரக்கட்டை, முன்பாதத்தில் மறுபடியும் பஞ்சு ரப்பர். மூன்றையும் டயர் நூல் பாய்ந்த ரப்பரால் சுற்றி, தோல் நிற ரப்பரைப் போர்த்தி, அச்சில் வைத்து வேகவைப்பார்கள். டயருக்கு ரீட்ரெடிங் செய்கிற கடையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சேறும் தண்ணீரும் உள்ளே இறங்காது; வெறுங்காலாக நடக்கலாம், குத்தவைக்கலாம். எஞ்சிய காலைத் தாங்கும் சாக்கெட்டுக்குப் பின்னாளில் தண்ணீர்க் குழாய்க்கான எச்.டி.பி.இ. பைப்பையே சூடாக்கி வார்ப்பின்மேல் இழுத்தார்கள். சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது.

  

முழங்காலுக்கு மேலே காலை இழந்தவருக்குப் பாதம் மட்டும் உதவாது. சென்னை ஐ.ஐ.டி., பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா முதலிய அமைப்புகளுடன் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட 'கதம்' முழங்கால் 160 டிகிரி வரை மடங்கும். பேருந்து இருக்கையிலும் ஆட்டோவிலும் காலை ஒடுக்கிக்கொள்ள அது போதும். சம்மணத்துக்கு இன்னொன்றும் வேண்டும்: சாக்கெட்டுக்கும் முழங்காலுக்கும் நடுவே, கீழ்க்காலைத் திருப்பிவிடும் சுழல் தட்டு. அது எடையையும் செலவையும் கூட்டும். பீடி சுற்றுகிறவருக்கு அந்தச் செலவு நியாயமானது. நாள் முழுக்கக் கடையில் நின்று வியாபாரம் செய்பவருக்கு வீண். தறிக்காரர் கதை வேறு. செயற்கைப் பாதத்துக்கு மிதிகட்டையின் உணர்வு தெரியாது. அங்கே காலை மாற்றுவதைவிட மிதிகட்டையை நல்ல கால் பக்கமாக நகர்த்துவது எளிது. கருவியை ஆளுக்கேற்பச் செய்வதில் தறியைத் திருத்துவதும் அடங்கும்.

ஆக, அளவெடுக்கும் இடத்தில் நாடாவை விரிக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நாள் பூரா எங்க உக்காருவீய?"

சக்கர நாற்காலிக்கும் அதே கேள்விதான். வழக்கமான நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பீடி சுற்றும் வீட்டில் இலையும் தூளும் கூடப் பேச ஆளும் இருப்பது தரையில். அந்த 50 செ.மீ. அடுத்த வாரம்.